பூங்காவனம் விட்டுவைத்த ரெசிஸ்டர்

எங்கள் பீப்பாய்க்காரத் தெருவில் முதல் போர்டு வானத்துக்கு எழும்பியது சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, குழாயில் தண்ணீர் நின்று குடங்களெல்லாம் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்த பிறகு. ஜுலேகா ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரின் சர்க்யூட் போர்டிலிருந்து கடைசி கண்டென்சரை உருவி, துளைகளில் தங்கியிருந்த ஈயத்தைப் பம்பால் உறிஞ்சி, நாங்கள் எல்லோரும் செய்வதுபோல் போர்டைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு துளை வழியாகவும் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்தியோடு கையை எடுத்தாள். போர்டு கீழே வரவில்லை. அவள் கை இருந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு கூரையைத் தாண்டி, கரண்டு கம்பியைத் தாண்டி, எதிர்வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த லுங்கிகளைத் தாண்டி, அவசரமே இல்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தது. ஜுலேகா அண்ணாந்து பார்த்து, "அடியே, எங்கடி போற?" என்றாள். அந்த அதிசயத்தைப் பற்றி எங்கள் தெருவில் பேசப்பட்ட முதல் வார்த்தை அதுதான்.

எங்கள் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்களைக் குப்பை பொறுக்குகிறவர்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள், நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஊரெல்லாம் தூக்கிப் போட்ட டிவியும் ரேடியோவும் யூபிஎஸ்ஸும் கடைசியில் வடசென்னையில் எங்கள் தெருவுக்குத்தான் வரும். போர்டைத் தீயில் போட்டுக் கொளுத்திச் செம்பு எடுக்கிறவர்கள் வேறு ஜாதி. நாங்கள் உயிரோடு எடுக்கிறவர்கள். ஒரு ஐசி சிப்புக்கு நாற்பது கால் என்றால் நாற்பதையும் நோகாமல் எடுக்க வேண்டும், சூடு குறைந்தால் வராது, கூடினால் உள்ளே செத்துவிடும், அவசரப்பட்டு இழுத்தால் போர்டின் செம்புத் தடம் தோலோடு உரிந்து வந்துவிடும், பழைய ஈயம் இளகமாட்டேன் என்று முரண்டு பிடித்தால் அதன் தலையில் புது ஈயம் ஒரு சொட்டு வைத்துச் சமாதானம் செய்ய வேண்டும், முள்ளை முள்ளால் எடுக்கிற கதைதான். அப்படி எடுத்த சாமானை மீட்டர் வைத்துப் பார்த்து, முட்டை அட்டையின் குழிகளில் ரகம் ரகமாகப் போட்டு வைப்போம். ரிப்பேர் கடைக்காரர்களும் காலேஜ் பிள்ளைகளும் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். எங்கள் தெரு சாமான் இல்லாத பழைய டிவி இந்த ஊரில் எங்கேயும் ஓடவில்லை என்று நான் சொல்வேன், யார் வேண்டுமானாலும் வந்து மறுத்துப் பார்க்கட்டும்.

அந்த வாரத்துக்குள் இன்னும் பதினாறு போர்டுகள் எழும்பின. எழும்பாதவையும் இருந்தன, அவை எவை என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஒரு சாமானும் மிச்சமில்லாமல், ஒரு தடமும் உரியாமல், ஒரு துளையும் அடைபடாமல் உருவிய போர்டு எழும்பும். எங்கேயாவது ஒரு துளையில் கடுகளவு ஈயம் தங்கியிருந்தாலும் அது செங்கல் மாதிரி மேசையில் கிடக்கும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ரேடியோவுக்குள் ஆள் இல்லாமல் பாட்டு வருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் போர்டு பறப்பது பெரிய விஷயமா? எங்களுக்கு இருந்த கவலையெல்லாம் வேறு. புறா வளர்க்கிறவர்கள் வந்து, பந்தயப் புறாக்கள் வீடு திரும்பாமல் போர்டுமேல் உட்கார்ந்துவிடுகின்றன என்று சண்டை போட்டார்கள். போர்டுகள் பறந்துபோகாமல் நூல் கட்டி நிறுத்தினால் ஒரு கான்ஸ்டபிள் வந்து, அது கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலா என்று விரலால் தேய்த்துப் பார்த்து, வெறும் சாக்குத் தையல் நூல்தான் என்று தெரிந்ததும் டீ குடித்துவிட்டுப் போனார். கத்திரி வெயில் வந்தபோது தெருவுக்கு மேலே பச்சையும் பழுப்புமாக நூற்றுக்கணக்கான போர்டுகள் பந்தல் போட்டதுபோல் நின்றன, ஆயிரக்கணக்கான துளைகள் வழியாக வெயில் அரிசி கொட்டினதுபோல் பொடிப்பொடியாக எங்கள் மேல் விழுந்தது. துணி காயவில்லை என்று புலம்பிய மாடிவீட்டுக்காரிகூட மத்தியானம் கீழே வந்து அந்த நிழலில்தான் பாய் விரித்தாள்.

பூங்காவனத்தின் போர்டு மட்டும் எழும்பவில்லை.

பூங்காவனம் யார் என்று தெரியாமல் இந்த வாக்கியத்தின் கனம் உங்களுக்குப் புரியாது. தெருவின் முதல் கை அவள். தடியான போர்டு, ரெண்டு பக்கமும் செம்பு ஓடுகிற போர்டு, ஆஸ்பத்திரி இயந்திரத்திலிருந்து வந்த போர்டு என்று எங்களால் முடியாத எதுவும் கடைசியில் அவள் மேசைக்குத்தான் போகும். ஈயத்தை இளக்குகிற சால்ட்ரிங் கம்பியை எடுத்தால் மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திக்கொள்வாள், அந்த மூச்சு வெளியே வருவதற்குள் சாமான் கையில் இருக்கும். அப்படிப்பட்டவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது: எந்தப் போர்டை உருவினாலும் ஒரே ஒரு ரெசிஸ்டரை விட்டுவைப்பாள், மேலே வண்ண வண்ணப் பட்டை போட்ட அரிசி அளவு சாமான், அதிலும் பச்சைப் பட்டை உள்ளதாகப் பார்த்து விட்டுவைப்பாள். குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பதுபோல் ஏதோ என்று நாங்கள் நினைத்துக்கொண்டு, பதினொரு வருஷமாகக் கேட்காமலே விட்டுவிட்டோம்.

கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள். பிறகு தெரிந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் புருஷன் ஏகாம்பரம் துறைமுகத்தில் சாமான் இறக்குகிறவர். ஒரு மழைக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். பத்தாம் நாள் காரியத்தில் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து கண்ணாடி வளையல்களை உடைத்தார்கள். அவள் அழவில்லை, தடுக்கவில்லை, ஒரே ஒரு பச்சை வளையலைப் பொத்திக்கொண்டு, "இது ஒன்னு இருந்துட்டுப் போகட்டுமே" என்று மட்டும் கேட்டாள். "ஒன்னு இருந்தா இன்னா, நூறு இருந்தா இன்னா" என்று அதையும் உடைத்தார்கள். அடுத்த மாதம் எங்கள் தெருவுக்குப் பிழைக்க வந்தவள், முதல் போர்டை முழுக்க உருவி முடித்துக் கையில் பிடித்துப் பார்த்தபோது அது தன் கை மாதிரியே இருக்கிறது என்று நினைத்திருக்கிறாள். அந்தப் போர்டோடு சரி, அதற்குப் பிறகு எதையும் அவள் மொட்டையாக விட்டதில்லை.

அவள் போர்டு எழும்பாதது முதலில் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அப்புறம் பேச்சாக மாறியது. கண் மங்கிவிட்டது என்றார்கள், கை நடுங்குகிறது என்றார்கள், ராசி போய்விட்டது என்று ஒருத்தி சொன்னதற்கு மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவளுக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து உருவுகிற எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் இனித்தது, பொய் சொல்வானேன், பதினொரு வருஷம் இரண்டாவது கையாக இருந்தவளின் வயிற்றெரிச்சல் அது. கஷ்டமான போர்டுகள் மெல்ல மெல்ல ஜுலேகாவின் மேசைக்கு மாறின. பூங்காவனமோ வந்த போர்டை உருவி, ஒரு பச்சைப் பட்டை ரெசிஸ்டரை விட்டுவைத்து, எழும்பாத போர்டைத் தன் வீட்டுச் சுவரோரம் அடுக்கிக்கொண்டே போனாள்.

ஆனி மாதக் கடைசியில் நகர அலுவலகத்திலிருந்து நற்குணன் என்ற அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், பழுப்பு நிறக் கோப்பு, சட்டைப் பையில் இரண்டு பேனா. போர்டைக் கொளுத்தி ஊர்க்காற்றைக் கெடுக்கிறவர்களை அப்புறப்படுத்தவும், கைத்திறன் உள்ளவர்களுக்கு மட்டும் தொழில் அட்டை கொடுக்கவும் உத்தரவு என்றார். கைத்திறனை எப்படி அளப்பது என்று உத்தரவில் எழுதவில்லை. அவர் தெருவின் நடுவில் நின்று மேலே பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார், பிறகு கோப்பைத் திறந்து, "எழும்பினால் தகுதி, எழும்பாவிட்டால் தகுதி இல்லை" என்று எழுதிக்கொண்டார். நல்ல அரசாங்க ஊழியருக்கு அழகு, கண்ணால் பார்த்ததைக் கேள்வி கேட்காமல் விதியாக்குவது. ஆடி மாதம் மூன்றாம் திங்கட்கிழமை சோதனை, அவரவர் மேசையில், அவர் கண் முன்னால். அட்டை கிடைக்காதவர்கள் அன்றைக்கே மேசையை எடுத்துவிட வேண்டும்.

ஆடி பிறந்ததும் காற்று எங்களைச் சும்மா விடவில்லை. அம்மியையே தூக்குகிற காற்றுக்கு வெறும் போர்டு எம்மாத்திரம்? நூல்கள் பட்பட்டென்று அறுந்தன, தினமும் பத்து இருபது போர்டுகள் கடல் பக்கமாகப் போய்ப் புள்ளியாகி மறைந்தன, கோடையில் எங்களுக்கு நிழல் கொடுத்தவை ஒவ்வொன்றாக எங்களை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நூலை இரட்டையாக முறுக்கிக் கட்டினோம், நைலான் வாங்கிக் கட்டினோம். கட்டக் கட்ட அறுந்தது.

சோதனைக்கு முந்தின நாள் ஜுலேகா பூங்காவனத்தின் மேசைக்குப் போனாள். அவளால் பூங்காவனத்தை அந்த நிலையில் பார்க்க முடியவில்லை. முதல் கை என்ற பெயர் தன் மேசைக்கு வந்ததே அவளுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. நானும் கண்டென்சர் பொறுக்குவதுபோல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, ஒரே ஒரு ரெசிஸ்டர்க்கா. நாளைக்கு ஒரு நாளு எடுத்துட்டு அவர்கிட்ட காட்டிடு. அப்பால உன் இஷ்டப்படி வுட்டுக்கோ."

"ஒரே ஒன்னுதானேன்னு நானும் ஒருக்கா கேட்டேன்டி ஜுலேகா. ஒருத்தி காதுலயும் வுழல."

"இன்னாக்கா சொல்ற?"

பூங்காவனம் அப்போதுதான், கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டு, பதினொரு வருஷத்துக்கு முந்தைய பத்தாம் நாளைச் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சொல்லி முடித்து, "நான் முடியாம வுடல. வுட்டு வெச்சிருக்கேன். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் குடுக்கற அட்டை எனக்கு எதுக்கு?" என்றாள். ஜுலேகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது, இனித்ததெல்லாம் கசந்தது.

"மேசை போயிடும்க்கா," என்றாள் ஜுலேகா.

பூங்காவனம் தன் மேசையின் விளிம்பைக் கையால் ஒருமுறை தடவினாள். பதினொரு வருஷச் சூட்டுத் தழும்பு அந்தப் பலகை முழுவதும் இருந்தது.

திங்கட்கிழமை நற்குணன் வந்தபோது காற்று அவர் கோப்பைப் பிடுங்கப் பார்த்தது. மேசை மேசையாகப் போனார். ஜுலேகாவின் போர்டு எழும்பியது, பேனா எழுதியது. என் போர்டும் எழும்பியது, கொஞ்சம் தயங்கித்தான், ஆனாலும் எழும்பியது. காற்று எல்லாவற்றையும் கடல் பக்கம் அடித்துக்கொண்டு போயிற்று. கடைசியாகப் பூங்காவனத்தின் மேசை. அவள் தானாகவே எடுத்துக்கொண்டது ஒரு ஆஸ்பத்திரி இயந்திரத்தின் போர்டு, இருப்பதிலேயே தடிமனானது, கம்பியின் சூட்டையெல்லாம் உள்ளே இருக்கிற செம்பு குடித்துவிடுகிற வகை, ஜுலேகா இரண்டு முறை முயன்று முடியாமல் ஒதுக்கி வைத்தது. தெருவே கூடிவிட்டது. அவள் மூச்சை இழுத்தாள், கம்பியை வைத்தாள், அடுத்த ஒன்றேகால் மணி நேரம் எங்களில் ஒருத்தரும் வெற்றிலைகூடப் போடவில்லை. ஐசிக்கள் இலையிலிருந்து இட்லி எடுத்ததுபோல் ஒட்டாமல் வந்தன, கண்டென்சர்கள் வந்தன, டிரான்சிஸ்டர்கள் வந்தன, ஒரு தடம் உரியவில்லை, ஒரு துளை அடைபடவில்லை. முடித்துவிட்டு அவள் போர்டைச் சூரியனுக்கு நேரே பிடித்தாள். எல்லாத் துளையிலும் வானம் தெரிந்தது. நடுவில் ஒரே ஒரு ரெசிஸ்டர் பச்சைப் பட்டையோடு உட்கார்ந்திருந்தது. கையை எடுத்தாள், போர்டு மேசைமேல் டொக்கென்று விழுந்தது.

"எழும்பலையேம்மா," என்றார் நற்குணன். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

"ஒன்னு வுட்டு வெச்சிருக்கேன் சார்."

"தெரியுதும்மா. ஆனா விதியில அதுக்கு இடம் இல்லையே."

பூங்காவனம் அவரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். ராசி போய்விட்டது என்று சொன்னவளை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்த்தாள். "இடம் இல்லன்னா நான் காட்டறேன், பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, கம்பியை எடுத்து, அந்த ரெசிஸ்டரின் இரண்டு காலையும் ஒரே மூச்சில் இளக்கி உருவினாள்.

அந்தப் போர்டு எழும்பிய மாதிரி எங்கள் தெருவில் எந்தப் போர்டும் எழும்பவில்லை. அது மெதுவாகப் போகவில்லை, தயங்கவில்லை, கூண்டு திறந்த புறா மாதிரி விருட்டென்று கிளம்பியது; கூட்டம் ஓவென்று கத்தியது, நற்குணன் பேனாவைத் திறந்தார். ஆனால் பூங்காவனம் அதற்குள் மேசைமேல் ஏறி, எட்டிப் பாய்ந்து, அதை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். அது அவளையும் சேர்த்து ஒரு சாண் தூக்கியது என்று ஜுலேகா இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். இறக்கிக்கொண்டு வந்து, பிடிவாதக் கோழியை அமுக்குவதுபோல் முழங்கால்களுக்கு நடுவில் அமுக்கி வைத்து, அதே பச்சைப் பட்டை ரெசிஸ்டரை எடுத்து, அதே இரண்டு துளைகளில் செருகி, பேஸ்ட் தொட்டு, ஈயத்தைத் தொட்டு, திரும்ப வைத்துவிட்டாள்.

"அம்மா, என்ன பண்றீங்க?" என்று பதறினார் நற்குணன். "எழும்பிடுச்சே! நான் எழுதிட்டேனே!"

"இன்னும் முடியல சார்."

முழங்காலை விரித்தாள். நாங்கள் எல்லோரும் அது விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அது விழவில்லை. நிதானமாக மேலே போயிற்று, அவள் தலையைத் தாண்டி, கூரை விளிம்பைத் தாண்டி, மாடிவீட்டுக் கைப்பிடிச் சுவர் உயரத்துக்குப் போய் அங்கே நின்றது. ஆடிக்காற்று வந்து மோதியது. லுங்கிகள் பறந்தன, நற்குணனின் கோப்பிலிருந்து இரண்டு தாள் பறந்தன, தெருக்கோடியில் ஒரு தகரம் பறந்தது. அந்தப் போர்டு நூல் இல்லாமல், ஆணி இல்லாமல், சுவரில் அடித்து வைத்ததுபோல் ஒரு இம்மிகூட அசையாமல் நின்றது.

நற்குணன்தான் முதலில் வாயைத் திறந்தார், படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தபடி. "இதை எந்தக் கட்டத்துல எழுதறதும்மா?"

"கட்டம் இல்லன்னா ஓரத்துல எழுதுங்க. எடுக்கவும் தெரியும், வைக்கவும் தெரியும்னு எழுதுங்க."

அவர் அப்படியே எழுதினார். அந்த அட்டை இப்போதும் அவள் மேசைக்கு மேலே தொங்குகிறது, அச்சடித்த எழுத்துக்குப் பக்கத்தில் பேனா எழுத்தில், அரசாங்க முத்திரையோடு.

மேசையை எடுக்கச் சொல்லவில்லை, முதல் கை என்ற பெயரை யாரும் திரும்பக் கொடுக்கவும் இல்லை. அது எப்போது அவள் மேசைக்குத் திரும்பிப் போயிற்று என்று எங்களுக்கே தெரியாது, மறுநாள் காலை பார்த்தால் கஷ்டமான போர்டுகள் எல்லாம் அங்கே குவிந்திருந்தன. அன்று மத்தியானமே ஜுலேகா ஏணி போட்டு, நூலில் மிச்சமிருந்த தன் போர்டுகளை இழுத்து இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு ரெசிஸ்டரை வைத்து விட்டாள். பிறகு நான் இறக்கினேன். என் கை வைக்கிற வேலைக்குப் பழகாதது, முதல் மூன்றும் திருகலாகப் போயின, பூங்காவனம் எழுந்து வந்து பார்த்து, "இது இன்னா, காக்கா எச்சம் மாதிரி ஈயத்த வெச்சிருக்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் வாயால் அந்தத் திட்டைக் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வாரம் முடிவதற்குள் தெரு முழுக்கப் போர்டுகள் கைப்பிடிச் சுவர் உயரத்தில் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சாமானோடு. காற்று அவற்றின் நடுவில் புகுந்து போயிற்றே தவிர, ஒன்றைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை. பூங்காவனத்தின் சுவரோரம் கிடந்த அடுக்கையும் அவளே ஒவ்வொன்றாக உருவி, எழுப்பி, பிடித்து, திரும்ப வைத்து அனுப்பினாள். புறாக்கள் அவற்றின்மேல் முட்டை வைத்திருக்கின்றன. பக்கத்துத் தெருக்காரர்கள் இங்கே வந்து நின்று அண்ணாந்து பார்க்கும்போது, நாங்கள் வேலை அதிகம் இருப்பதுபோல் குனிந்துகொள்வோம், அந்தத் தலைக்கனம் எங்களுக்கு உண்டு.

ஆடிப்பூரத்துக்கு மறுநாள், அம்மனுக்குச் சாத்திய வளையல்கள் போக மிச்சத்தைத் தோளில் சரம் சரமாகப் போட்டுக்கொண்டு வளையல்கார மஸ்தான் பாய் எங்கள் தெருவுக்கு வந்தார். வளையல் போடுவதில் அவர் ஒரு முதல் கை. விரல் எலும்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்தி, கண்ணாடி கீறாமல், கை நோகாமல் ஏற்றிவிடுவார். பூங்காவனத்தின் வீடு வந்தால் மட்டும் பதினொரு வருஷமாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு கடந்து போவார், அது அவர் மரியாதை. அன்றும் அப்படித்தான் குனிந்தார்.

"பாய், நில்லு," என்றாள் பூங்காவனம்.

கம்பியைத் தாங்கியில் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மேசைக்கு மேலாக நீட்டினாள். தெருவில் ஈயம் உறிஞ்சுகிற பம்பெல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோயின. ஒன்று இருந்தால் என்ன, நூறு இருந்தால் என்ன என்று சொல்கிற வாய் எங்கள் தெருவிலும் இரண்டு மூன்று உண்டு. அன்றைக்கு அந்த வாய்களும் மூடித்தான் இருந்தன.

மஸ்தான் பாய் தரையில் குந்தினார், அவள் கையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நடந்ததெல்லாம் அவருக்கும் தெரிந்திருந்தது, ஊருக்கே தெரிந்ததுதானே. சரத்திலிருந்து ஒரே ஒரு பச்சைக் கண்ணாடி வளையலைக் கழற்றி, "ஒன்னு போதுமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒன்னு போர்டுக்கு, பாய்," என்றாள் பூங்காவனம். "எனக்கு ரெண்டு கையும் நெறையப் போடு."